கை நீளும் முன்னே கதவைத் தட்டுவோம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையவனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாகட்டுமாக. ஆமீன்.

   

எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்தவனாக இந்த உரையைத் தொடங்குகிறேன்.

ஜும்ஆ முடிந்து இமாம் ஸலாம் கொடுத்ததும் கடைசி ஸஃப்பிலிருந்து ஒரு குரல் எழும். நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஜமாஅத்தார்களே, என் பிள்ளைக்கு ஆபரேஷன் என்று அந்தக் குரல் தொடங்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மருத்துவமனை ஃபைல். வெளியே வந்தால் வாசலில் ஒரு துண்டு விரித்திருக்கும். பத்தோ இருபதோ போட்டுவிட்டு நம் செருப்பைத் தேடப் போய்விடுவோம். அவர் எந்த ஊர், பிள்ளைக்கு என்ன நோய், இதுவரை என்ன செலவாயிற்று என்று நின்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? வீட்டில் சாப்பாடு ஆறிவிடுமே!

மூன்று வாரங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் வியாபார விஷயமாக வெளியூர் போயிருந்தார். அங்கேயே ஜும்ஆ தொழுதார். ஸலாம் கொடுத்ததும் அதே குரல் எழுந்தது. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தவர் நம் ஊர்க்காரர். நம் மஹல்லாக்காரர்.

அவரும் இவரைப் பார்த்துவிட்டார். பேச்சு அப்படியே நின்றுபோனது. விரித்த துண்டைச் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறிவிட்டார். நம் சகோதரர் பின்னாலேயே ஓடி, பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அஸருக்குப் பிறகு எனக்கு விஷயம் தெரியவந்தது. அந்தத் தந்தையிடம் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். யாராக இருக்கும் என்று தயவுசெய்து தேடவும் வேண்டாம்.

அவருடைய பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். லுக்கேமியா என்கிறார்களே, அதுதான். நம் மக்தபில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளை. மாதக்கணக்கில் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை', 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறோம். அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். வீடு மாறிப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீடு இந்தப் பள்ளிவாசலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

நம்மிடம் ஏன் கேட்கவில்லை என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை: "நம்ம ஊர்ல கேட்டா, நாளைக்கு எம்புள்ள நல்லாகி ஓடியாடி வெளையாண்டாலும், ஜமாஅத் காசுல பொழச்ச புள்ளைன்னுதான் சொல்லுவாங்க ஹஸ்ரத்."

சகோதரர்களே! அவர் வறுமைக்குப் பயந்து வெளியூர் போகவில்லை. நம் நாக்குக்குப் பயந்து போனார்.

அந்த அறியாதவன் யார்?

ஸூரத்துல் பகராவில் அல்லாஹ் ஒரு வகை ஏழைகளைப் பற்றிப் பேசுகிறான். அவர்கள் தன்மானத்தால் கை நீட்ட மாட்டார்கள். அவர்களை அறியாதவன் அவர்களைச் செல்வந்தர்கள் என்றே எண்ணிக்கொள்வான். அவர்களின் அடையாளத்தைக் கொண்டு நபியே, நீங்கள் அவர்களை அறிந்துகொள்வீர்கள். அவர்கள் மக்களிடம் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள் என்பது அந்த வசனத்தின் கருத்து (அல்குர்ஆன் 2:273).

இந்த வசனத்தை எத்தனையோ முறை பயானில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தன்மானமுள்ள ஏழையைப் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறேன். இந்த மூன்று வாரமாகத்தான் அதில் இன்னொருவனும் இருப்பது உறைக்கிறது. பார்த்தும் புரிந்துகொள்ளாத அந்த அறியாதவன். அடையாளத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாம் என்கிறான் அல்லாஹ். அடையாளங்கள் நம் கண் முன்னேதான் இருந்தன. மக்தபில் ஒரு இடம் காலி. தாயின் காதில் கம்மல் இல்லை. தந்தை வேலைக்குப் போகாத நாட்கள் அதிகம். மளிகைக் கடையில் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. அவற்றைப் பார்த்த நமக்கு ஒன்றும் புரியவில்லை.

முளர் கூட்டத்தார் வந்த நாள்

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. பகலின் முற்பகுதி. நபி (ஸல்) அவர்களிடம் ஒரு கூட்டத்தார் வருகிறார்கள். காலில் செருப்பில்லை. உடம்பில் சரியான ஆடை இல்லை. கம்பளித் துணியைக் கழுத்தளவு கிழித்து மாட்டியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர், ஏன் அனைவருமே முளர் குலத்தார்.

அவர்கள் வாய் திறந்து உதவி கேட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. அவர்களின் வறுமையைக் கண்டதுமே நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குள் போனார்கள், வெளியே வந்தார்கள். பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்லச் சொன்னார்கள். தொழ வைத்தார்கள். தொழுத பின் உரையாற்றினார்கள். மனிதர்கள் அனைவரும் ஒரே ஆன்மாவிலிருந்து படைக்கப்பட்டவர்கள் என்ற வசனத்தையும் (4:1), நாளைக்காக எதை முற்படுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளச் சொல்லும் வசனத்தையும் (59:18) ஓதினார்கள். தீனார் இருப்பவர் தீனார், திர்ஹம் இருப்பவர் திர்ஹம், துணி இருப்பவர் துணி, கோதுமையில் ஒரு ஸாஉ, பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாஉ என்று கேட்டு, கடைசியில் பாதிப் பேரீச்சம்பழமாவது கொடுங்கள் என்றார்கள்.

அன்ஸாரிகளில் ஒருவர் எழுந்து போய் ஒரு பையைத் தூக்கி வந்தார். அதன் கனம் அவருடைய கைக்குத் தாங்கவில்லை. அவரைப் பார்த்ததும் ஒருவர் பின் ஒருவராக மக்கள் கொண்டுவரத் தொடங்கினார்கள். உணவு ஒரு குவியல், துணி ஒரு குவியல் என்று இரண்டு குவியல்கள் சேர்ந்தன. நபி (ஸல்) அவர்களின் முகம் பொன் பூசியது போல ஜொலித்ததை நான் கண்டேன் என்கிறார்கள் ஜரீர் (ரலி). இஸ்லாத்தில் ஓர் அழகிய வழிமுறையைத் தொடங்கி வைத்தவருக்கு அதன் கூலியும், அவருக்குப் பின் அதன்படி செய்தவர்களின் கூலி போன்றதும் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது அப்போதுதான்.

கவனியுங்கள். முகம் மாறியது பார்த்தவருக்கு. எழுந்து நின்று கேட்டவர் அல்லாஹ்வின் தூதர். வந்த ஏழைகள் யாரிடமும் துண்டு விரிக்கவில்லை. அவர்களுக்காகக் கேட்கும் பொறுப்பை அந்தச் சமுதாயத்தின் தலைவர் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்த மிம்பரில் நின்று நான் கேட்கிறேன். அந்தத் தந்தை கேட்கக் கூடாது.

சாட்சி சொல்ல வேண்டியவர்கள்

கபீஸா இப்னு முகாரிக் (ரலி) அவர்கள் ஒருமுறை பிறருடைய பொறுப்பொன்றைத் தாம் ஏற்றுக்கொண்டதால் கடன் சுமைக்கு ஆளானார்கள். நபி (ஸல்) அவர்களிடம் வந்து உதவி கேட்டார்கள். ஸதகா வரும்வரை இங்கே இருங்கள், உங்களுக்குக் கொடுக்கச் சொல்கிறோம் என்று கூறிவிட்டு, யாருக்கெல்லாம் யாசிப்பது ஆகும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். பிறருக்காகப் பொறுப்பேற்றுக் கடன்பட்டவர், பேரிடரில் பொருளை இழந்தவர், வறுமையில் விழுந்துவிட்டார் என்று அவருடைய கூட்டத்திலேயே விவரமுள்ள மூன்று பேர் சொல்லும் நிலையில் இருப்பவர் என மூன்று பேரைக் குறிப்பிட்டார்கள் (முஸ்லிம்).

அந்த மூன்று பேரின் சாட்சியை, பொய்யாகக் கேட்பவர்களைத் தடுக்கும் ஏற்பாடு என்று மட்டும்தான் நாம் விளங்கி வைத்திருக்கிறோம். அது உண்மைதான். ஆனால் அதில் நம் மீதும் ஒரு கடமை இருக்கிறது. ஒருவருடைய கஷ்டத்துக்கு அவருடைய சொந்த மக்களில் மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்றால், அந்த மூன்று பேருக்கு அவருடைய வீட்டு நிலைமை தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தந்தைக்கு வெளியூரில் யார் சாட்சி சொல்வார்? ஒரு ஃபைலும் ஒரு முத்திரையும்தான். சாட்சி சொல்ல வேண்டிய நாம் இங்கே உட்கார்ந்திருந்தோம்.

நின்றுபோன மருந்து

இப்போது நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இந்த லுக்கேமியாதான். பெயரைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. அதிகம் வருகிற வகைக்குச் சிகிச்சையை முறையாக, முழுமையாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலான பிள்ளைகள் குணமடைகிறார்கள். ஆனால் அந்தச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். முதல் சில மாதங்கள் கடுமையானவை. அப்புறம் வீட்டிலிருந்தே மாத்திரை, குறிப்பிட்ட நாளில் மருத்துவமனை, ரத்தப் பரிசோதனை என்று தொடரும். பிள்ளை ஓடியாடத் தொடங்கிவிடும். முடி முளைத்துவிடும். குணமாகிவிட்டது என்று தோன்றும். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது.

நம் மாநிலத்தில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை இருக்கிறது. அப்படியிருக்க இவருக்கு ஏன் பணம் தேவைப்படுகிறது என்று யாராவது கேட்கலாம். காப்பீடு படுக்கைக்கும் மருந்துக்கும் கொடுக்கும். பஸ் காசு கொடுக்காது. மருத்துவமனைக்கு எதிரே எடுத்த அறைக்கு வாடகை கொடுக்காது. தந்தை வேலைக்குப் போகாத நாளின் கூலியைக் கொடுக்காது. வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போடாது. நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் கார் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். கீமோதெரபி எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்க முடியாது.

நகை அடகுக்குப் போனது. வட்டிக்குக் கடன் வாங்கியாயிற்று. வட்டி ஹராம் என்று மிம்பரில் நான் பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் அவர் அந்தப் படி ஏறியிருக்கிறார். கடைசியில் ஊருக்கும் மருத்துவமனைக்கும் போய்வரக் காசில்லாமல் இரண்டு வாரம் மருந்து நின்றுபோனது. காசு சேர்ந்ததும் போகலாம் என்று இருந்திருக்கிறார்கள். அந்தக் காசுக்காகத்தான் அவர் வெளியூர்ப் பள்ளிவாசலில் எழுந்து நின்றார்.

அல்ஹம்துலில்லாஹ், மறுநாளே பிள்ளையை அழைத்துப் போனார்கள். சிகிச்சை மீண்டும் தொடங்கிவிட்டது. அந்த இரண்டு வாரத்தின் பாதிப்பு என்ன என்று பரிசோதனைகளுக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர். துஆ செய்யுங்கள். துஆ செய்துவிட்டு மருந்தை விட்டுவிடுவதும், மருந்து கொடுத்துவிட்டு துஆவை மறப்பதும் நம் வழி இல்லை. நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத எந்த நோயையும் அல்லாஹ் ஏற்படுத்தவில்லை என்ற கருத்தில்தான் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதீ).

ஒரே துணியில் சேர்த்த உணவு

அஷ்அரீ குலத்தாரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். போரிலோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால், தங்களிடம் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்தத் துணியில் விழுந்த பிறகு எது யாருடையது என்று தெரியாது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற பேச்சே அங்கே இல்லை. ஜமாஅத் காசில் பிழைத்த பிள்ளை என்று ஒருவரைச் சுட்ட அங்கே வழியில்லை.

அப்படி ஒரு துணியை நாம் விரிக்கப் போகிறோம். ஜமாஅத் நிர்வாகத்துடன் கலந்து பேசி முடிவு செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மூன்று பேர் பொறுப்பில் தனிக் கணக்கு. பணம் என் கைக்கு வராது. மருத்துவமனைக்கும் மருந்துக்கடைக்கும் நேரடியாகக் கட்டுவார்கள். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாத ஆரம்பத்திலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அவர்கள் வந்து கேட்கும்படி வைக்கக் கூடாது. வரவு செலவு மாதந்தோறும் பலகையில் ஒட்டப்படும், பெயர் இல்லாமல்.

இரண்டாவது, ஜகாத் தனி, ஸதகா தனி. ஏழைகளும் கடன்பட்டவர்களும் ஜகாத் பெறத் தகுதியானவர்கள் என்று அல்லாஹ் வகுத்திருக்கிறான் (9:60). உங்கள் பணம் ஜகாத் என்றால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அது அந்தக் குடும்பத்தின் கையிலேயே ஒப்படைக்கப்படும்.

மூன்றாவது, இன்று ஒரு நாள் உண்டியல் நிறைந்தால் போதாது. சிகிச்சை முடியும்வரை இது நடக்க வேண்டும். நம் மஹல்லாவில் சுமார் 300 வீடுகள். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 5 ரூபாய் என்றால் மாதத்துக்கு 45,000 ரூபாய். 5 ரூபாய்க்கு இன்று ஒரு டீ கிடைக்காது. பாதிப் பேரீச்சம்பழம் என்றார்களே, அது இதுதான்.

நான்காவது, தேவைக்கு மேல் சேர்ந்தால் அடுத்து நோயில் விழும் பிள்ளைக்கு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நிய்யத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் கேரளத்தில் எஸ்.எம்.ஏ. என்னும் தசைநலிவு நோயுள்ள ஒரு குழந்தைக்கு 18 கோடி ரூபாய் விலையுள்ள ஊசிமருந்து தேவைப்பட்டது. சில நாட்களில் இரண்டு மடங்குக்கும் மேல் குவிந்தது. போதும், இனி அனுப்ப வேண்டாம் என்று அவர்களே அறிவித்தார்கள். மிகுதி, அதே நோயுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு என்றார்கள். போதும் என்று சொல்லத் தெரிவதும் அமானத்தில் சேர்ந்ததுதான்.

ஐந்தாவது, இளைஞர்களுக்கு. உங்களிடம் பணம் இல்லாமல் இருக்கலாம், ரத்தம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி தட்டணுக்கள் ஏற்ற வேண்டிவரும். பிளேட்லெட் என்கிறோமே, அது. சாதாரணமாக 5 நாட்களுக்கு மேல் அதைச் சேமித்து வைக்க முடியாது. அதனால் கூப்பிட்டதும் வரும் ஆட்கள் வேண்டும். 18 வயது நிரம்பியவர்கள் இன்று பெயர் கொடுங்கள். காப்பீட்டு அட்டை, வருமானச் சான்றிதழ் என்று அலைவதற்கும் விவரம் தெரிந்த இரண்டு பேர் வேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இதுவரை அந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறிய ரத்தம் யார் யாருடையது என்று அந்தத் தந்தைக்குத் தெரியாது. எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று தெரியாது. கொடுத்தவர்களும் யாருக்குப் போகிறது என்று கேட்கவில்லை. ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர்கள் அனைவரையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்று அல்லாஹ் சொல்கிறான் (5:32). எனவே நாளை நம் தெருவில் மாற்றுமதச் சகோதரரின் பிள்ளைக்கு இப்படி ஒரு நிலை வந்தால், நம் ஸதகா அந்த வாசலுக்கும் போகும், இன்ஷா அல்லாஹ்.

நாக்கின் ஸதகா

கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதைப் புண்படுத்தியும் உங்கள் தர்மங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:264). 10,000 ரூபாய் கொடுத்துவிட்டு டீக்கடையில் ஒரு வார்த்தை பேசினால் போதும், அது பாறை மேல் இருந்த மண்ணாக மழையில் கரைந்துவிடும்.

ஆகவே பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். முடி கொட்டிய முகத்தோடு ஒரு படம் ஊரெல்லாம் சுற்றினால், பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகும் அது சுற்றும். என்ன பாவம் செய்தார்களோ என்று பேசாதீர்கள். நம் நபிமார்கள் நோயால் சோதிக்கப்பட்டிருக்கிறார்கள். யார் வீட்டிலோ இப்படித்தான் ஒரு பிள்ளை தவறிப்போனது என்று தாயிடம் போய்க் கதை சொல்லாதீர்கள். நோய் விசாரிப்பது சுன்னத்துதான், ஆனால் அந்தப் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. சளி, காய்ச்சல் இருப்பவர் போக வேண்டாம். கூட்டமாகப் போக வேண்டாம். வாசலில் நின்று ஸலாம் சொல்லி, சமைத்த சாப்பாட்டைச் சூடாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதுவும் ஸதகாதான்.

பெரியோர்களே! ஷிஃபா கொடுப்பவன் அல்லாஹ் ஒருவன். நாம் எவ்வளவு சேர்த்தாலும் முடிவு அவனிடம் இருக்கிறது. நாம் விசாரிக்கப்படுவது முடிவைப் பற்றி இல்லை. என் அடியான் நோயுற்றிருந்தான், நீ அவனைப் போய்ப் பார்க்கவில்லையே, போயிருந்தால் அவனிடம் என்னைக் கண்டிருப்பாயே என்ற கருத்தில் அல்லாஹ் மறுமையில் கேட்பான் என்று முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. எனக்குத் தெரியாது ரப்பே, அவர் வெளியூரில் போய்க் கேட்டார் என்று நாம் அங்கே சொல்ல முடியுமா?

இன்று வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் வலப்பக்க வீட்டையும் இடப்பக்க வீட்டையும் ஒருமுறை பாருங்கள். பல நாளாகக் காணாத பிள்ளை யாராவது உண்டா? இருந்தால் கதவைத் தட்டுங்கள்.

யா அல்லாஹ்! அந்தப் பிள்ளைக்கு நோயின் சுவடே இல்லாத பூரண ஷிஃபாவைக் கொடுப்பாயாக! மருத்துவமனைகளில் படுத்திருக்கும் எல்லாப் பிள்ளைகள் மீதும் இரக்கம் காட்டுவாயாக! அவர்களின் தாய் தந்தையரின் கண்ணீரைத் துடைப்பாயாக! இரவெல்லாம் விழித்திருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பரக்கத் செய்வாயாக! எங்கள் அண்டை வீட்டாரை அறியாதவர்களாக எங்களை ஆக்கிவிடாதே! எங்கள் கையின் தர்மத்தை எங்கள் நாக்கு அழித்துவிடாமல் பாதுகாப்பாயாக! அந்தப் பிள்ளை மீண்டும் இந்த மக்தபில் வந்து உட்கார்ந்து ஓதும் நாளை எங்கள் கண்களுக்குக் காட்டுவாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்! வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.